எதிர் நாற்காலி

அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தால் முதலில் மூக்கில் ஏறுவது தைல வாசனைதான். கற்பூரமும் கிராம்பும் புதினா உப்பும் கலந்த வாசனை. தலைவலிக்காரருக்கு இதமாக இருக்கும், மற்றவர்களுக்குக் கண்ணில் தண்ணீர் கட்டும். அந்த வீட்டில் தைலம் தேய்த்துக்கொள்கிறவர்கள் யாரும் இல்லை. பின்னே வாசனை எங்கிருந்து வருகிறது என்றுதானே கேட்கிறீர்கள் கண்ணுகளா? அதைத்தான் சொல்ல வருகிறேன். பயப்பட ஒன்றுமில்லை, இதில் பேய் கிடையாது. கிடையாது என்று அடித்துச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

கீழே ஆபீஸ், மேலே குடித்தனம். அண்ணனும் தங்கையும் வக்கீல்கள். அடிதடி, பாகப்பிரிவினை, விவாகரத்து எதையும் தொடமாட்டார்கள். ஒரு சரக்கின் பெயரை, படத்தை, செய்முறையை இன்னொருத்தர் எடுத்துக்கொண்டார் என்று வருகிற வழக்குகள் மட்டும்தான். "கண்ணுக்குத் தெரியாத சொத்துக்கு நாங்க காவல்காரங்க" என்று அண்ணன் வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார். தடுப்புக்கு அந்தப் பக்கம் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் அண்ணி, "கண்ணுக்குத் தெரியற சொத்து இல்லாததால" என்பாள், விரலை நிறுத்தாமலே.

ஆபீசுக்கு வரும் கட்சிக்காரர்களைப் பிடிப்பதும் பேசுவதும் டீ வாங்கிக் கொடுப்பதும் அண்ணன். கோர்ட்டில் நின்று வாதாடுவது தங்கை. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். வெளியே வக்கீலம்மா. வீட்டில், காதோரம் நரைத்த பிறகும், பாப்பா.

இந்த வகை வழக்குகளில் ஒரு சங்கதி உண்டு. போலிச் சரக்கு செய்கிறவனுக்கு முன்கூட்டி நோட்டீஸ் போனால், மறுநாள் காலையில் அங்கே துடைப்பம்கூட இருக்காது. அதனால் எதிராளிக்குத் தெரியாமலே கோர்ட்டுக்குப் போய் உத்தரவு வாங்கலாம். கோர்ட் ஒரு கமிஷனரை அனுப்பும். அவர் போய்ச் சரக்கையெல்லாம் மூட்டை கட்டி அரக்கு வைத்துவிடுவார். தன் மேல் வழக்கு இருக்கிறது என்று அந்த ஆளுக்குத் தெரிவதே கதவு தட்டப்படும்போதுதான். யோசித்துப் பாருங்கள், எவ்வளவு பெரிய ஆயுதம்! அதனால்தான் அதோடு ஒரு கடமையையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். இல்லாத ஆள் அங்கே இருந்திருந்தால் தனக்குச் சாதகமாக என்ன சொல்லியிருப்பாரோ, அதையும் உத்தரவு கேட்கிற வக்கீலே நீதிபதியிடம் சொல்லிவிட வேண்டும். தன் கட்சி தோற்றாலும் சொல்ல வேண்டும்.

பாப்பா அதற்கென்று ஒரு பழக்கம் வைத்திருந்தாள். அவள் மேசைக்கு எதிரே கைவைத்த மரநாற்காலி ஒன்று உண்டு. இப்படிப்பட்ட உத்தரவு கேட்கப் போவதற்கு முன்னால் தன் இடத்தை விட்டு எழுந்து அந்த எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்வாள். எதிராளியாகவே மாறிவிடுவாள். "நான் எதுக்குங்க இவங்க பேரைத் திருடணும்? என் மகள் பேருங்க அது" என்று ஒரு சோப்புக்காரராகக் கத்துவாள். பிறகு தன் இடத்துக்கு வந்து அதைக் குறித்துக்கொள்வாள். மறுபடி அங்கே போவாள்.

"இன்னிக்கு அந்த நாற்காலியில யாரு?" என்று தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்து அண்ணி கேட்பாள்.

"பொம்மைக் கம்பெனிக்காரன், அண்ணி."

"டீ குடிப்பானா?"

"குடிப்பான். சர்க்கரை தூக்கலா."

அண்ணி ரெண்டு டம்ளர் கொண்டுவந்து வைப்பாள். ரெண்டையும் பாப்பாதான் குடிப்பாள். விளையாட்டுப்போல நடந்துவந்தது.

அந்த வருஷம் வெயில் மண்டையைப் பிளந்தது. அண்ணனுக்கு ஒரு பெரிய கட்சிக்காரர் மாட்டினார். வலித் தைலம் செய்யும் கம்பெனி. மஞ்சள் டப்பா, மூடியில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு. எந்தக் கடையிலும் கிடைக்கும். கம்பெனி மானேஜர் மேசை மேல் ரெண்டு டப்பாக்களை வைத்தார். ரெண்டும் மஞ்சள், ரெண்டிலும் கொக்கு.

"இது நம்முது. இது எவனோ சந்துக்குள்ள உக்காந்து அடிக்கிற சரக்கு. இதை முடிச்சுக் குடுங்க. எங்க மார்க்கு கேஸ் எல்லாத்தையும் உங்ககிட்டயே தந்துடறேன். மொத்த நாட்டுக்கும்."

அண்ணன் அன்று மாடிப்படியை ரெண்டு ரெண்டாகத் தாண்டி ஏறினார். இத்தனை வருஷத்தில் அப்படி ஏறி அண்ணி பார்த்ததில்லை.

வழக்குப் போடுமுன் சரக்கு அங்கேதான் தயாராகிறது என்று காட்ட, வாடிக்கையாளர்போல் போய் ஒன்று வாங்கி வர வேண்டும். வழக்கமாகக் குமாஸ்தா போவார். அவர் கால் சுளுக்கிப் படுத்திருந்தார். "நானே போறேன்" என்றாள் பாப்பா. கறுப்புக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, சாதாரணச் சேலையில், கையில் ஒரு பையோடு போனாள்.

சந்தின் கடைசியில் ஓட்டுக் கூரை போட்ட ஒரே அறை. ஸ்டவ் மேல் அகலமான சட்டியில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் இன்னொரு பாத்திரத்தில் மெழுகு உருகிக்கொண்டிருந்தது. தைலக்காரர் மூக்கு நீண்ட கெட்டில் ஒன்றை எடுத்து, வரிசையாகப் பரப்பிய டப்பாக்களில் ஊற்றிக்கொண்டே போனார். ஒரு சொட்டு வெளியே சிந்தினாலும் தன்னையே திட்டிக்கொண்டார். அவர் மனைவி சுவரோரம் உட்கார்ந்து பசை தடவிக்கொண்டிருந்தாள்.

"இப்பத் தொடாதீங்கம்மா, மேல ஆடை கட்டணும். கட்டறதுக்கு முன்னாடி மூடினா உள்ள வேர்த்துடும்" என்றார் தைலக்காரர். பிறகு அவள் வலது மணிக்கட்டை இடது கை பிசைந்துகொண்டிருப்பதைப் பார்த்தார். "கைவலியா? எழுத்து வேலையோ? டீச்சரா நீங்க?"

ஒரு நொடி யோசித்து, "ஆமா" என்றாள்.

"பாத்தியா, நான் சொன்னேன்ல" என்றார் மனைவியிடம். அவர் அப்படி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"ஆமாமா, நீங்க முகத்தைப் பாத்தே ஜாதகம் சொல்லிடுவீங்க" என்றாள் அவள், பசைக் குச்சியை வைக்காமல்.

தைலக்காரர் கேட்காமலே ஒரு டப்பாவைத் திறந்து, ஒரு விரல் எடுத்து, பாப்பாவின் மணிக்கட்டில் வைத்தார். "நீங்களே தேயுங்க. உள்ளேர்ந்து வெளியே. அப்படி இல்ல, வட்டமா." முதலில் குளிர்ந்தது. அப்புறம் சுட்டது. அப்புறம் அந்தக் கை தன்னுடையதே இல்லை என்பதுபோல லேசாகிவிட்டது.

"கொக்குப் படம் கம்பெனித் தைலத்துலயும் இருக்கே?" என்று மெல்லக் கொக்கி போட்டாள்.

"அவங்கதான் எங்களைப் பாத்துப் போட்டாங்க!" தைலக்காரர் நிமிர்ந்தார். "எங்க தாய்மாமன் போட்ட கொக்கு இது. இருங்க காட்டறேன்." பலகை மேலிருந்து ஒரு பழைய பச்சை டப்பாவை எடுத்து அவள் கையில் கொடுத்தார். மூட்டை தைக்கிற ஊசி நூலைப் போட்டுவைக்க அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். மூடியில் அதே கொக்கு, அதே ஒற்றைக்கால். திருப்பிப் பார்த்தாள். அடியில் டப்பா அடித்த வருஷம் புடைத்து நின்றது. கம்பெனி பிறப்பதற்கு முந்தைய வருஷம்.

"பச்சையா இருந்ததை எதுக்கு மஞ்சளாக்கினீங்க?"

தைலக்காரர் தலையைச் சொறிந்தார். மனைவி பதில் சொன்னாள்: "கடைக்காரங்க மஞ்சள்தான் கேக்கறாங்கன்னு இவரு மாத்தினாரு. நான் வேண்டாம்னேன். என் பேச்சை என்னிக்குக் கேட்டாரு?"

"ஊரே மஞ்சள் கேட்டா நான் மட்டும் பச்சையிலயே நின்னு கொக்கு மாதிரி தவம் பண்ணவா?" என்றார் அவர். பாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையாகவே வந்த சிரிப்பு. டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாள். இன்னொன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆபீசில் அண்ணனிடம் பச்சை டப்பாவைப் பற்றிச் சொன்னாள். அண்ணன் பேனாவை மூடினார்.

"கலரை மாத்தினானா இல்லையா?"

"மாத்தினார்."

"அப்ப அவனும் யோக்கியன் இல்ல."

"கொக்கு அவங்களோடதா இருக்கலாம், அண்ணா."

"இருக்கலாம். ஒரே படத்தை எவனோ ஒரு பெயிண்டர் ரெண்டு பேருக்கும் வித்திருக்கலாம். அதெல்லாம் அவன் வந்து சொல்லட்டும், பாப்பா. அடுத்த வாய்தாவுக்கு அவனுக்கும் வாய் இருக்கு, வக்கீல் வைப்பான், டப்பாவைக் காட்டுவான். நீ யார் அவனுக்காகப் பேச? அவன் வாயை நீ எதுக்கு வாடகைக்கு எடுக்கறே?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அவள் தனக்கும் அதையே சொல்லிக்கொண்டாள். கொஞ்ச நாள்தானே, வந்து சொல்லிவிடுவார். அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும். அவர்களுக்கு வாய்தா என்பது காலண்டரில் ஒரு கட்டம். ஸ்டவ்வை அணைத்துவிட்டுக் காத்திருக்கிறவனுக்கு அது என்ன என்று அவர்களுக்குத் தெரியாது.

மனுவை அண்ணி தட்டச்சு செய்தாள். பச்சை டப்பா பற்றி அதில் ஒரு வரி இல்லை. பாப்பா எதிர் நாற்காலியில் போய் உட்காரவும் இல்லை.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு மேசை காலியாக இருந்தது. நீதிபதி நிதானமானவர். மனுவைப் படித்தார், ரெண்டு டப்பாவையும் அருகருகே வைத்துப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"அவங்க இங்க இல்லை. இருந்திருந்தா சொல்லக்கூடியது ஏதாவது இருக்கா அம்மா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லைங்க ஐயா."

நாக்கு குழறவில்லை. அதுதான் பிற்பாடு அவளை உறுத்தியது. ஒரு சின்னத் தடுமாற்றமாவது வந்திருக்கலாம்.

உத்தரவோடு கமிஷனரும் ஆட்களும் சந்துக்குள் நுழைந்தபோது, வாதி தரப்பு வக்கீலாக அவளும் கூடப் போக வேண்டியிருந்தது. இந்தத் தடவை கறுப்புக் கோட்டோடு. வெயிலில் அது அடுப்பாகக் கொதித்தது. உள்ளே கெட்டில் பாதி ஊற்றின நிலையில் இருந்தது. ஆட்கள் பலகையைக் காலிசெய்ய ஆரம்பித்தார்கள். தைலக்காரர் ஆளாளாக மறித்து, "என்னங்க, என்னங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் முகம் கொடுக்கவில்லை. அப்போது வாசலில் நின்றவளைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது, கண்ணுகளா.

"டீச்சரம்மா! நீங்க எங்க இந்த நேரத்துல? தள்ளி நில்லுங்க, சூடு மெழுகு, மேல பட்டுடப் போகுது."

அவள் தள்ளி நின்றாள்.

"நீங்களே சொல்லுங்க டீச்சரம்மா இவங்ககிட்ட! நான் காப்பியடிச்சேனாம். பச்சை டப்பாவை உங்க கையில குடுத்தேன்ல? அடியில வருஷம் பாத்தீங்கல்ல? படிச்சவங்க சொன்னா கேப்பாங்க. சொல்லுங்கம்மா!"

கமிஷனர் திரும்பினார். "எந்த டீச்சர்? இவங்க கம்பெனி வக்கீல்."

தைலக்காரர் அவள் கோட்டைப் பார்த்தார். கழுத்துப்பட்டையைப் பார்த்தார். அவள் மணிக்கட்டைப் பார்த்தார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. தன் மனைவியிடம் திரும்பி, "அடுப்பை அணை" என்றார். அதற்குப் பிறகு யார் எதைத் தூக்கினாலும் மறிக்கவில்லை.

ஆட்கள் கொக்குப் படம் போட்ட எல்லாவற்றையும் மூட்டைக்குள் தள்ளினார்கள். ஊசியும் நூலுமாகப் பச்சை டப்பாவும் உள்ளே போனது. அது போவதை அவள் பார்த்தாள். அந்த அறையில் அந்த டப்பா என்ன என்று அறிந்தவர்கள் மூன்று பேர். ரெண்டு பேர் பேச்சை விட்டுவிட்டார்கள். மூன்றாவது ஆள் வாயைத் திறக்கவில்லை.

கோர்ட்டுக் கிடங்கில் இடம் இல்லை. அடுத்த வாய்தா வரை மூட்டைகளை வக்கீலம்மாவின் பொறுப்பில் வைத்திருக்கும்படி கமிஷனர் எழுதிக் கொடுத்துவிட்டார். அரக்கு வைத்த மூட்டைகள் ஆபீசுக்கு வந்தன. வேறு இடமில்லாததால் எதிர் நாற்காலிக்குப் பின்னால் சுவரோரமாக அடுக்கினார்கள்.

அன்று சாயங்காலமே வாசனை மாடி ஏறிவிட்டது. சோற்றில் தைலம், டீயில் தைலம், துவைத்துக் காய்ந்த துணியில் தைலம். "ரொட்டியைக் கடிச்சா தலைவலி போகுது" என்று அண்ணி முதலில் கிண்டல்தான் செய்தாள். அண்ணன் ஜன்னலையெல்லாம் திறந்துவைத்தார். "ரெண்டு நாள்ல போயிடும்." போகவில்லை. பாப்பா கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். மணிக்கட்டிலிருந்துதான் வாசனை வருகிறது என்று அவளுக்குத் தோன்றியது. முகர்ந்து பார்க்கச் சொல்லிக் கையை அண்ணியிடம் நீட்டினாள்.

"சோப்பு வாசனைதான் வருது, பாப்பா."

"நல்லா பாருங்க."

"பாத்துட்டேன்டியம்மா. தோல் உரியப் போகுது, விடு."

கோர்ட்டில், எந்த வழக்கானாலும், எதிர்த்தரப்பு மேசையைப் பார்க்கிறபோதெல்லாம் "தள்ளி நில்லுங்க, சூடு மெழுகு" என்று காதுக்குள் கேட்கும். பட்டென்று ஓர் அடி பின்னுக்கு வைத்துவிடுவாள். பக்கத்தில் நிற்கிற வக்கீல்கள் தலைசுற்றலா என்று கேட்பார்கள். வீதியில் கெட்டில் எதையாவது பார்த்தால் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவாள். செத்துப்போனவர்கள்தான் வந்து நிற்பார்கள் என்று நாம் நினைக்கிறோம். நல்லபடியாக உயிரோடு இருக்கிற மனுஷர் ஒருத்தர், இருந்த இடத்தை விட்டு அசையாமல், இன்னொருத்தர் வீட்டில் குடியேறிவிட முடியும்.

வெயில் ஏற ஏற மூட்டைக்குள் தைலம் இளகியது. ஒருநாள் மத்தியானம் அண்ணி தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள். "பாப்பா, இங்க வந்து பாரு."

சாக்கு வழியாக எண்ணெய் கசிந்து தரையில் இறங்கியிருந்தது. அரக்கு முத்திரை அப்படியே இருந்தது, உடையவில்லை. எண்ணெய் மட்டும் மெல்ல நகர்ந்து எதிர் நாற்காலியின் பின்கால்களைச் சுற்றிக் குளம் கட்டியிருந்தது. யாரோ உட்கார்ந்து வேர்த்த மாதிரி.

அண்ணி துணியோடு குந்தினாள். துடைத்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள். "இந்தக் கேசுக்கு நீ இதுல உக்காரவே இல்லையே. ஏன்?"

பாப்பா நாற்காலியைத் தூக்கித் தள்ளி வைத்தாள்.

"நானும் டீ போடணுமேன்னு காத்திருந்தேன். உன்கிட்ட கேக்க மறந்துட்டேன். ஏன் உக்காரலை?"

"உக்காந்தா என்ன சொல்வாருன்னு தெரியும், அண்ணி" என்றாள் பாப்பா. சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னாள். டீச்சர் என்று சொன்னது, பச்சை டப்பா, நீதிபதி கேட்டது, எல்லாம். அண்ணி கையில் துணி எண்ணெய் சொட்டிக்கொண்டே இருந்தது.

"அவர் வாய்தாவுக்கு வருவாருல்ல?" என்றாள் கடைசியில்.

"வருவாரு. வந்து டப்பாவைக் காட்டுவாரு."

"எதைக் காட்டுவாரு? அதுதான் நம்ம வீட்டுல அரக்கு வச்சுக் கிடக்கே."

பாப்பா மூட்டைகளைப் பார்த்தாள். இத்தனை நாளும் அந்த ஒரு எண்ணம் மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை.

வாய்தாவுக்கு முன்தினம், பொழுது சாயும் நேரம். மேலே மூன்று பேரும் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் குடிக்கவில்லை.

"நாளைக்கு நான் சொல்லப்போறேன், அண்ணா."

"எதை?"

"நான் பாத்ததை. பாத்துட்டு மறைச்சதை."

அண்ணன் ஸ்பூனை வைத்தார். "பைத்தியமா உனக்கு? கட்சிக்காரனைக் காட்டிக் குடுக்கறதா?"

"அவங்க என்கிட்ட நம்பிச் சொன்னது எதையும் நான் சொல்லப்போறதில்லை. இது நானே போய்ப் பாத்தது. நீதிபதி என்னைக் கேட்டார், நான் இல்லைன்னேன்."

"கலர் மாத்தினது அவன்தானே? தப்பு அவன் பக்கமும் இருக்குல்ல?"

"இருக்கு. அதையும் சொல்லுவேன். நியாயம் யார் பக்கம்னு பாக்கறது நீதிபதி வேலை, அண்ணா. முழுசாச் சொல்லிட்டுக் கேக்கறது மட்டும்தான் நம்ம வேலை. அதைக்கூடச் செய்யலைன்னா நமக்கும் பூட்டு உடைக்கிறவனுக்கும் என்ன வித்தியாசம்? அவனாவது உத்தரவு காட்டிட்டு உள்ள வர்றதில்லை."

"உன் கோட்டைக் கழட்டிடுவாங்க, பாப்பா." அண்ணன் குரல் இறங்கிவிட்டது. "கம்பெனி போயிடும், அதை விடு. உன்னை நிக்கவே விடமாட்டாங்க. அப்புறம் நான் யாரை வச்சு ஆபீஸ் நடத்துவேன்? எனக்கு நின்னு பேச வராதுன்னு உனக்குத் தெரியும்."

அதுதான் முதல் தடவை அண்ணன் வாய்விட்டு அதைச் சொன்னது. அண்ணி அவர் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். "குடிங்க, ஆறிடுச்சு."

"எல்லாம் தைலமா நாறுது" என்று அவர் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் கோர்ட்டு வராந்தாவில் சேவகர் தைலக்காரர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார். மூன்றாவது தடவை நீட்டி முழக்கிக் கூப்பிட்ட குரல் வராந்தாக் கோடிவரை போய்த் திரும்பி வந்தது. யாரும் வரவில்லை. அவருக்காக வக்கீலும் வரவில்லை. எதிர் மேசை அன்றைக்குப்போலவே காலி.

மானேஜர் முகத்தில் சிரிப்பு. அண்ணன் முன்னால் குனிந்து, "உத்தரவை உறுதி பண்ணச் சொல்லிக் கேளு, பாப்பா. ஒரு வாக்கியம்தான்" என்று கெஞ்சினார்.

நீதிபதி கேட்டார். "எதிர்த்தரப்பு வரலை. நீங்க சொல்ல ஏதாவது இருக்கா?"

"அவங்க தரப்புல இருக்குங்க ஐயா. நான் சொல்றேன்."

அவள் சொன்னாள். டீச்சர் என்று பொய் சொன்னதிலிருந்து ஆரம்பித்தாள். பச்சை டப்பாவைச் சொன்னாள். மஞ்சளுக்கு மாறியதையும், அது கடைக்காரர்கள் கேட்டதற்காகத்தான் என்று அவர்களே ஒப்புக்கொண்டதையும் சொன்னாள். நடுவில் ஒரு முறை, "ஊரே மஞ்சள் கேட்டா நான் மட்டும் பச்சையிலயே நின்னு" என்று அவர் சொன்ன வார்த்தையிலேயே, அவர் தொனியிலேயே வந்துவிட்டது. எதிர் நாற்காலிப் பழக்கம். யாரும் சிரிக்கவில்லை.

"அன்னிக்கு நான் உங்களைக் கேட்டேனே அம்மா" என்றார் நீதிபதி. கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"கேட்டீங்க ஐயா. எனக்குத் தெரியும். சொல்லலை."

மூட்டைகளைக் கொண்டுவரச் சொன்னார்கள். அரக்கை உடைத்ததும் வாசனை கோர்ட்டு ஹாலை நிறைத்தது. பின்வரிசையில் யாரோ தும்மினார்கள். மஞ்சள் டப்பாக்கள் இளகி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அடியிலிருந்து பச்சை டப்பா வந்தது. திறந்தார்கள். ஊசியில் கோத்த நூல் அப்படியே இருந்தது, அடுத்த மூட்டையைத் தைக்கக் காத்திருப்பதுபோல. நீதிபதி டப்பாவைத் திருப்பி அடிப்பாகத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

உத்தரவை அன்றே ரத்து செய்தார். கொக்கு யாருடையது என்பதை ரெண்டு தரப்பையும் கேட்டுத்தான் முடிவுசெய்ய முடியும் என்றார். சரக்கை வக்கீலம்மா தன் கையாலேயே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவள் நடத்தையை விசாரிக்க வக்கீல்கள் சங்கத்துக்கு எழுதினார். அவர்கள் விசாரித்து, கோட்டைச் சில காலம் கழற்றிவைக்கச் சொன்னார்கள். மானேஜர் கோர்ட்டு வாசலிலேயே அண்ணனிடம் கைகுலுக்காமல் காரில் ஏறினார்.

திருப்பிக் கொடுக்கப் போன அன்று நல்ல மழை. வண்டியில் மூட்டைகளுக்குத் தார்ப்பாய் போட்டு மூடி, பச்சை டப்பாவை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு போனாள். அண்ணியும் கூட வந்தாள். சந்துக் கடைசி அறை திறந்திருந்தது. பாப்பா முந்திக்கொண்டு இறங்கினாள். உள்ளே குடைகளாகத் தொங்கின. குடை ரிப்பேர்காரர் ஒருவர் கம்பியை வளைத்துக்கொண்டிருந்தார்.

"தைலக்காரங்களா? காலி பண்ணிட்டாங்களேம்மா."

"எங்க போனாங்க?"

"சொல்லலை. அந்தம்மாவோட அக்கா வீடுன்னு பேச்சு. அது எந்த ஊருன்னு யாருக்குத் தெரியும்? இந்த அறையில இன்னும் வாசனை போகலை பாருங்க. குடை வாங்கிட்டுப் போறவங்க திரும்பி வந்து கேக்கறாங்க, என்னப்பா உன் குடையால தும்மல் வருதுன்னு." சிரித்தவர், அவளை உற்றுப் பார்த்தார். "நீங்க டீச்சரா?"

அண்ணிதான், "ஏன் கேக்கறீங்க?" என்றாள்.

"போகும்போது அவர் சொன்னார். ஒரு டீச்சர் வந்தா, கைவலி எப்படி இருக்குன்னு கேளுன்னார்."

மழை ஓட்டில் கொட்டியது.

"எப்படிச் சொன்னார்?" என்றாள் பாப்பா. "கோவமாச் சொன்னாரா? கிண்டலாவா? இல்ல, நிஜமாவே கேட்டாரா?"

"அது தெரியலைம்மா. மூட்டையைத் தோள்ல தூக்கிட்டே சொன்னார். கேக்கச் சொன்னார், கேட்டுட்டேன்" என்று அவர் குடைக்கம்பிக்குத் திரும்பினார்.

அவரைத் தேடாத இடம் இல்லை. மெழுகு விற்கிறவரை விசாரித்தார்கள். டப்பா அடிக்கிற பட்டறையில் கேட்டார்கள். அவர் எங்கேயும் புதிதாகச் சரக்கு எடுக்கவில்லை. அவர் இல்லாமல் கொக்கு யாருடையது என்ற கேள்வியும் கோர்ட்டில் அப்படியே ஒற்றைக்காலில் நிற்கிறது.

மூட்டைகள் பழைய இடத்துக்கே வந்தன. கோடை வந்தால் கசிகின்றன. அண்ணி துடைக்கிறாள். பச்சை டப்பா மேசை மேல் இருக்கிறது, ஊசியும் நூலும் உள்ளே. அண்ணன் மெல்ல மெல்ல நின்று பேசக் கற்றுக்கொண்டார். திக்குகிறார், ஆனால் பேசுகிறார். ஒருதரப்பாக உத்தரவு கேட்கப் போவதற்கு முன்னால் பாப்பா அவரைக் கேள்வி கேட்டுக் குடைந்துவிடுகிறாள். "மனுவுல சொல்லிட்டியா? எல்லாம் சொல்லிட்டியா?" சின்னக் கட்சிக்காரர்கள் வருகிறார்கள்.

பாப்பாவுக்குக் கைவலி மட்டும் திரும்பி வந்துவிட்டது. மழைக்காலத்தில் பேனா பிடிக்க முடியாது.

"வீடு நிறையத் தைலம் இருக்கு, ஒரு விரல் எடுத்தா குடியா முழுகிடும்?" என்று அண்ணி ஒருநாள் கேட்டாள்.

"அது அவரோட பொருள், அண்ணி. நம்ம பொறுப்புல இருக்கு, அவ்வளவுதான்."

அண்ணி வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து அவள் மணிக்கட்டில் சுற்றினாள்.

போன வாரம் பேனா மை செய்கிற ஒருத்தர் வழக்கோடு வந்தார். பருத்த ஆள், வாசலிலிருந்து நடந்ததிலேயே மூச்சு வாங்கியது. வந்த வேகத்தில் எதிர் நாற்காலியை இழுத்தார்.

அண்ணி தட்டச்சை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். சுவரோரம் இருந்த ஸ்டூலை எடுத்து அவர் பக்கத்தில் போட்டாள்.

"இதுல உக்காருங்க. அதுல ஆள் இருக்கு."